சேறு வருமா?

கண்டியில் நான் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த காலத்தில் படியேறி வருகிறவர்கள் எல்லாரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள். இதில் பாட்டுப் போடலாமா, படம் பார்க்கலாமா, பிள்ளை படிப்பானா, விளையாடுவானா. ஒரே ஒருவர்தான், கதிரையில் உட்காருவதற்கு முன்னாலேயே, "இதுல சேறு வருமா?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. வெளியே நல்ல மழை. அவருடைய செருப்பைப் பார்த்தேன், காலையில்தான் துடைத்த என் தரையைப் பார்த்தேன். "பரவால்லக்கா, வாங்க, தொடச்சிக்கலாம்" என்றேன்.

"அட, அது இல்லீங்க நானா. படம் வரையிற சாமான் இருக்காம்ல கம்ப்யூட்டருக்கு? அதுல சேறு வரைய வருமான்னு கேட்டேன்."

என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆனாலும் முஸ்லிம் கடைக்காரன் என்றால் தோட்டத்து ஆட்களுக்கு அவன் நானாதான், அதாவது அண்ணன்தான், வயதெல்லாம் பிறகு. நான் அவரை அக்கா என்றேன், அவர் என்னை நானா என்றார், மூன்று வருஷம் அப்படியே ஓடியது. பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் எங்கிருந்தாவது தேடிவந்து, "என்னய இப்படிச் சந்தியில நிறுத்திட்டீங்களே நானா" என்று ஏசுவார்.

தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்தவர். பதினெட்டு வருஷம், கண்டி ஏரிக்கு அந்தப் பக்கம், பத்திக் என்கிற மெழுகுச் சாயத் துணிக் கடையில், துணியில் மெழுகால் யானை வரைந்தவர். சண்டை பெருத்து, சுற்றுலா வருகிற வெள்ளைக்காரர்களின் வரவு நின்றதும் முதலாளி கதவைச் சாத்திவிட்டார். "யானை வரைஞ்சு வரைஞ்சு என் கையே தும்பிக்கையா போச்சு, நல்ல வேளை சாத்துனாங்க" என்பார். வலது கை விரல்களில் மெழுகு சுட்ட புள்ளிகள் வரிசையாக இருக்கும். அதற்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தின் கண்டி அலுவலகத்தில் படம் வரைகிற வேலை கிடைத்தது. அந்த அலுவலகம்தான் அவரை, கம்ப்யூட்டரில் செருகுகிற ஒரு கறுப்பு வரைபலகையோடும் அதற்கென்று இருக்கிற ஒரு பிளாஸ்டிக் பேனாவோடும் என்னிடம் அனுப்பியிருந்தது. பலகைக்கு ஏற்ற மென்பொருளை அவரே பார்த்துத் தெரிந்து சொல்லவேண்டும்.

நான் விடுவேனா? அலவத்துகொடையில் பிறந்தவன், வாய்தான் என் முதல்.

"அக்கா, நான் செல்றதக் கேளுங்க. இதுல ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் நிறம் ஈக்கி. ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம்!"

"அவ்வளவும் வேணாங்க. ஏழெட்டு போதும். ஆனா அதெல்லாம் ஒன்னோட ஒன்னு சேந்து அழுக்காகணும். ஆகுமா?"

"அழுக்காகவே ஆகாதுக்கா! அதுதானே கம்ப்யூட்டர்ட சிறப்பு!"

"அப்ப வேணாம்" என்று குடையைக் கையில் எடுத்துவிட்டார். காலில் விழாத குறையாக மறித்து, பால் ஊற்றாத பிளேன்டி ஒன்று சொல்லி, உட்காரவைத்தேன்.

யார் என்ன சொன்னாலும் நம்பமாட்டார், அதுதான் அவர். தன் கை தொட்டுப் பார்த்துச் சொல்லவேண்டும். குடை வாங்கப் போனால் கடைக்காரரையும் மழைக்குள் இழுத்துக்கொண்டு போய் விரித்துப் பார்ப்பார் என்று மார்க்கெட்டில் சொல்லுவார்கள். நான் அதைப் பகிடி என்று நினைத்திருந்தேன். பிறகு ஒருநாள், கீழே தெருவில் நனைந்துகொண்டு நிற்கிற குடைக்காரரையே கண்டேன்.

எதைப் பார்த்தாலும் தீர்ப்பும் சொல்லிவிடுவார். தோட்டத்தில் சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் அன்றைக்கு ஒரு பேர் போடுவார்கள், குறைந்தால் அரைப்பேர்தான். அந்தக் கணக்கை அக்கா உலகம் முழுக்க விரித்துவிட்டார். என் பிளேன்டிக்கு அரைப்பேர். என் கடைப் படிக்கு அரைப்பேர். பின்னால் என் கலியாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, என் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "புரியாணிக்கு முழுப்பேர்ங்க, மாப்பிள்ளைக்குத்தான் அரைப்பேர்" என்றாரே பார்க்கலாம். உம்மா சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது.

முதல் நாள் நான் போட்டுக் காட்டியது, உலகத்துப் பத்திரிகைக்காரர் எல்லாரும் வைத்திருக்கிற அந்தப் பெரிய மென்பொருள். அதைத் திறப்பதற்குள் என் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கிவிடும். அக்கா பிளேன்டியைக் குடித்து முடித்து கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பெரியதுரை இன்னும் பங்களாவுல இருந்து எறங்கலீங்களா?" என்று, தோட்டத்து மேலாளரைக் கேட்பதுபோல் கேட்டார். அன்றிலிருந்து அந்த மென்பொருளுக்குப் பெரியதுரை என்றே பெயர். இறங்கி வந்ததும் பேனாவைப் பிடித்து நாலைந்து நிறத்தை ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்தார். நிறங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. ஒன்றன்மேல் ஒன்று மிதந்தன.

"இது அடுப்படிப் பொக நானா. இதுல கால் வச்சா பதியாது. அரைப்பேர்."

அடுத்த நாள், புள்ளி வைத்துப் புள்ளி வைத்துக் கோடு இழுக்கிற மென்பொருளைப் போட்டேன். அதில்தான் ஊருக்கெல்லாம் கலியாணக் கார்டு அடித்துக்கொடுத்தேன், அதில் நான் ராஜா. அக்கா பேனாவால் கோணல்மாணலாக ஒரு கோடு போட்டார். அது உடனே தன்னைத் தானே திருத்திக்கொண்டு அழகாக வளைந்தது. சேறு பளபளவென்று, ஓரம் சீவி, தட்டில் ஊற்றிய சொக்கலேட் மாதிரி வந்தது.

"பாருங்கக்கா, எவ்வளவு வடிவு!" என்றேன்.

"இது கணக்கப்பிள்ள. நம்ம ஒன்னு சொன்னா இவரு ஒன்னு எழுதிக்கிறாரு. அரைப்பேரே கூடுதல்."

கம்ப்யூட்டரோடு சும்மா வருகிற மென்பொருளுக்குப் பேரே இல்லை என்று சொல்லிவிட்டார். இப்படியே ஒரு கிழமை போனது. எனக்குப் பொறுமை போய்விட்டது. கடைக்கு வருகிறவர்கள் திரையில் சேற்றைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"ஊரெல்லாம் பூப் படம் கீறுது, மொகப் படம் கீறுது. நீங்க மட்டும் என்தக்கா இந்தச் சேத்தப் புடிச்சிக்கொண்டு தொங்குறீங்க?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் வாசலில் இருந்து வேறு குரல் வந்தது. "தம்பி, நான் சொல்லுறன்."

அவருடைய அலுவலகத்து ஐயா. யாழ்ப்பாணத்தார், மெல்லிய ஆள், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. கைக்குள் சுருட்டி வைத்திருந்த ஒரு சுவரொட்டியை என் மேசையில் விரித்தார். பச்சைப் பசேலென்று வட்டமாக ஒரு பொருள், கீழே தமிழில் எழுத்து.

"இது என்ன, சொல்லும்?"

"மிதிவெடி."

"அது கீழ எழுதிக்கிடக்கிறதால சொல்லுறீர். எழுத்தை மறைச்சிட்டுச் சொல்லும்."

கையால் மறைத்தேன். "சவுக்காரப் பெட்டி மாதிரி ஈக்கி" என்றேன்.

"ஓம். அங்க பிள்ளையளும் அதைத்தான் சொன்னதுகள்." அவர் கதிரையில் உட்கார்ந்தார். "கொழும்பில ஆரோ நல்ல கம்ப்யூட்டரில கீறினது. சண்டை நிண்டு பாதை திறந்து சனம் வடக்க வன்னிக்குத் திரும்பிப் போகுது. பள்ளிக்கூடச் சுவரில இதை ஒட்டினம். படத்தில இருக்கிறது புதுசு, பளிச்செண்டு. வளவில கிடக்கிறது பழசு, சேறு பிடிச்சு, அரைவாசி புதைஞ்சு. ஏழு வயசுப் பிள்ளை ஒண்டு இது வேற சாமான் எண்டு நினைச்சுத் தூக்கிச்சுது. இப்ப அதுக்கு வலக்கை இல்லை."

கணக்கப்பிள்ளை மென்பொருளில் நான் காட்டிய வடிவான சேறு இன்னும் திரையில் பளபளத்துக்கொண்டிருந்தது. எட்டி அணைத்தேன்.

"ஒவ்வொரு இடத்துக்கும் மண் வேற, தம்பி. சிவப்பு மண், வெள்ளை மணல், குளத்தடிக் களி. சாமானை ஒருக்காக் கீறி, மண்ணை மட்டும் இடத்துக்கு இடம் மாத்தோணும். அதுக்குத்தான் கம்ப்யூட்டர் வேணும் எண்டனான். பள்ளிக்கூடம் திறக்க முந்தி லொறி போகோணும். மூண்டு கிழமைதான் கிடக்கு."

அவர் போன பிறகு அக்காவிடம் மெல்லக் கேட்டேன், சேற்றைப் பற்றி இவ்வளவு எப்படித் தெரியும் என்று.

"கலவரத்துல எங்க லயத்தக் கொளுத்துனாங்கல்ல, மூணு நாள் தேயிலைக்குள்ள, தண்ணி ஓடுற கான்ல படுத்துக் கெடந்தோம். மழை வேற. தலையத் தூக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு. மூஞ்சிக்கு நேர வேற என்னா இருக்கு பாக்க? சேறுதான். அதுல யாரோட சட்டப் பொத்தானோ ஒன்னு கெடந்துச்சு. மொத நாளு பளபளன்னு இருந்துச்சு. மூணாம் நாளு அது கல்லா பொத்தானான்னு யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்."

அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மறுநாள் காலை அக்கா வந்து உட்கார்ந்து, பிளேன்டிக் கிளாஸைத் தூக்கியவர் அப்படியே கையை நிறுத்திவிட்டார். கிளாஸுக்கு அடியில் கடதாசி உறையில் ஒரு சிடி. வரைபலகை வந்த பெட்டிக்குள் அடியில் கிடந்த சிடி அது. பெட்டியோடு சும்மா வருகிற சாமானுக்கு நான் என்றைக்கு மரியாதை கொடுத்தேன்? மேசை கறைபடாமல் இருக்கக் கிளாஸுக்கு அடியில் வைத்திருந்தேன்.

"இது என்ன நானா?"

"அது சும்மா. சின்னப் புள்ளைகள் கீறி வெளையாட."

"போட்டுக் காட்டுங்க."

"அக்கா, நேரம் இல்ல..."

"போட்டுக் காட்டுங்கன்னேன்."

போட்டேன். சாயத் தூரிகை, கரித்துண்டு, எண்ணெய்ச் சாயம் பூசுகிற தகட்டுக் கத்தி என்று சாமான்கள் வரிசையாக வந்தன. அக்கா முதலில் ஒரு காவி நிறத்தைத் தடவினார். அதன்மேல் கொஞ்சம் கறுப்பு. பிறகு பச்சையைத் தொட்டு, பேனாவை அழுத்தி, இரண்டுக்கும் நடுவால் இழுத்தார். தூரிகை கீழே கிடந்த காவியை அள்ளிக்கொண்டு போனது. கறுப்பையும் இழுத்தது. போகப்போகப் பச்சை செத்து, நாங்கள் யாரும் தெரிந்தெடுக்காத ஒரு நிறம் திரையில் வந்தது. மழைக்குப் பிறகு லயத்து வாசலில் கிடக்கிற நிறம்.

"அழுக்காகுது" என்றார் மெதுவாக. பேனாவை இன்னும் அழுத்தினார். "நானா, இது அழுக்காகுது!" எழுந்தே விட்டார். "அய்யோ, அழுக்காகுது நானா! முழுப்பேர்! முழுப்பேருக்கு மேலயே போடுங்க!"

சத்தத்துக்குக் கீழே துணிக்கடையில் இருந்து இரண்டு பேர் ஏறி வந்துவிட்டார்கள், என்னவோ ஏதோ என்று. அக்கா அவர்களுக்கும் திரையைக் காட்டினார். சேற்றைப் பார்த்து ஒரு பெண் இவ்வளவு சந்தோஷப்படுவாளா என்று பேந்தப் பேந்த விழித்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

என் வறட்டுக் கௌரவம் அவ்வளவு லேசில் போகுமா? இதில் வரைந்து கொண்டுபோனால் அச்சகத்தில் சிரிப்பார்கள் என்றேன். அலுவலகத்துக்கு விற்க நினைத்த பெரியதுரை கை நழுவுகிறதே என்ற வயிற்றெரிச்சலும் இருந்தது, மறைக்கமாட்டேன். யாழ்ப்பாணத்து ஐயாவும் தொலைபேசியில் இழுத்தார். "உதவி குடுக்கிறவையின்ர விண்ணப்பப் பாரத்தில மற்றப் பெரிய மென்பொருள் எண்டெல்லோ எழுதிக்கிடக்கு. சரி, படத்தைக் காட்டுங்கோ, பிறகு பாப்பம்."

அக்கா நாலு நாள் என் கடையில் உட்கார்ந்து வரைந்தார். ஐயா கொடுத்த புகைப்படத்தைப் பார்த்து முதலில் அந்தச் சாமானைப் புதுசாக, பளிச்சென்று வரைந்தார். பிறகு அதன்மேல் மழை பெய்யவிட்டார், வெயில் அடிக்கவிட்டார், இலை விழுந்து அழுகவிட்டார். மண்ணைத் தனித் தட்டில் வைத்தார், கண்ணாடித் தாளை மாற்றுவதுபோல் மாற்றலாம். நான் பிளேன்டி கொண்டுபோய்க் கொடுப்பதோடு சரி. வாயை மூடிக்கொண்டு ஒருவர் வேலை செய்வதைப் பார்க்கிறது அவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது.

முதல் பிரின்டை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறேன் என்று பைக்குள் வைத்துக்கொண்டார். நானும் சரி என்றேன். எவ்வளவு பெரிய மடத்தனம் என்று பிறகுதான் உறைத்தது. சண்டை ஓய்ந்திருக்கிறது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது, தடைச்சாவடிகளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. தெல்தோட்டை பஸ்ஸை வழியில் மறித்து எல்லாரையும் இறக்கியிருக்கிறார்கள். தமிழ்ப் பெண், பையைத் திறந்தால் மிதிவெடிப் படம்!

அடுத்த நாள் அக்கா வந்து இதைச் சொன்னார். அதுவும் ஏதோ கலியாண வீட்டுக் கதை மாதிரி.

"'மே மொனவாத?'ன்னு, இதெல்லாம் என்னான்னு, ஒரு ஆமிக்காரப் பையன் கேட்டான். நான் பத்திக் கடைச் சிங்களத்துல எல்லாத்தையும் சொன்னேன், வன்னிப் புள்ளைங்க, பள்ளிக்கூடம், எல்லாம். படத்தையே பாத்துக்கிட்டு நின்னான். அப்பறம் சொன்னான், 'பாட்ட வெரதி'ன்னு."

"நெறம் புழையாமா?"

"ஆமா! எனக்கு வந்துச்சே கோவம். எது தப்பு, எங்க தப்புன்னு அவன்கிட்ட மல்லுக்கு நின்னேன். வெயில்ல கெடந்தா மேல்பக்கம் பச்ச நிக்காதாம். கூரையில கெடக்குற பழைய வாளி மாதிரி வெளுத்துப் போகுமாம். சேத்துக்குள்ள இருக்குற ஓரம் மட்டுந்தான் பச்சையாம். ரொம்பக் கிட்டத்துல பாத்திருக்கான் நானா அந்தப் பையன். எப்படிப் பாத்தான்னு நான் கேக்கல. பஸ்ஸு கெளம்பப் போவுது, கண்டக்டரு கத்துறாரு, நான் நெறம் கேட்டுக்கிட்டு நிக்கிறேன்!"

"அக்கா, புடிச்சி உள்ளுக்குப் போட்டிருந்தா என்தா செய்ற?"

"போட்டிருந்தா பச்ச தப்பாவே போயிருக்கும்" என்றவர், கவலையெல்லாம் அது ஒன்றுதான் என்பதுபோல் பேனாவை எடுத்து மேல்பக்கத்தை வெளுக்கத் தொடங்கினார்.

திருத்திய படத்தை அசல் அளவிலேயே பிரின்ட் எடுத்தோம். அன்றைக்கும் மழை. தாளில் மை காயவில்லை, கடைக்குள் விரிக்க இடமும் இல்லை. படிக்கட்டு வளைகிற இடத்தில், ஆட்கள் காலைத் துடைக்கிற சாக்குக்குப் பக்கத்தில், சேறும் வாகை இலையுமாகக் கிடந்த பலகையில் ஒரு தாளைக் காயப்போட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, அல்லாஹ் அறிய.

யாழ்ப்பாணத்து ஐயா ஏறி வந்தார். பாதிப் படியில் காலடிச் சத்தம் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். ஒரு கால் கீழ்ப்படியில், மற்றக் கால் அந்தரத்தில், இரண்டு கையும் சுவரில். முகத்தில் இரத்தம் இல்லை. "தம்பி, அசையாதையும். கீழ வராதையும்" என்று எனக்குச் சொன்னார், மிகமிக மெல்லிய குரலில்.

"ஐயா, அது தாளு" என்றேன்.

அவருக்கு அது காதில் ஏறச் சற்று நேரமானது. பிறகு காலை இறக்கி, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா ஓடிப்போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "மன்னிச்சிருங்கய்யா, மன்னிச்சிருங்க" என்று அழாத குறையாகச் சொன்னார். ஐயா தாளைக் கையில் எடுத்து, ஈரத்தைப் பார்க்காமல் விரலால் தடவினார்.

"நான் நாலு வருசம் இந்த வெடியளுக்குள்ளதான் நடந்து திரிஞ்சனான். என்னையே நிப்பாட்டிப்போட்டுது. மன்னிப்பு என்னத்துக்கு?" என்றார். "அந்தப் பாரத்தைக் கொண்டாருங்கோ. நான் வெட்டி எழுதுறன்."

பெரியதுரையின் பேரை அவர் தன் பேனாவால் வெட்டுவதை அக்கா கண்கொட்டாமல் பார்த்தார். கிளாஸுக்கு அடியில் கிடந்த சிடியின் பேர் அந்தப் பாரத்தில் ஏறியது. எனக்கு நட்டம்தான். ஆனாலும் என் கை தானாகத் தட்டியது, அக்காவும் சேர்ந்து தட்டினார்.

மண் மாற்றி மண் மாற்றி மூன்று படம் ஆனது. கீழே எழுத்துப் போடுகிற வேலை மட்டும் பாக்கி. "எழுத்த என்கிட்ட விட்டுடுங்க, அது நம்மட கோட்ட" என்று நெஞ்சில் தட்டிக்கொண்டேன். 'தொடாதே. தள்ளி நில். பெரியவரிடம் சொல்.' நல்ல தடித்த தமிழ் எழுத்தில் அடித்து, சிடியில் ஏற்றி, கட்டுகஸ்தோட்டையில் ஒரு அச்சகத்துக்குக் கொடுத்தனுப்பினேன்.

அந்தக் காலத்துத் தமிழ் எழுத்தின் சங்கதி தெரிந்தவர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். நாங்கள் தட்டுவது ஆங்கில விசைகளை, அதைத் தமிழாகக் காட்டுவது நம் கம்ப்யூட்டரில் இருக்கிற எழுத்துரு. அந்த எழுத்துரு அச்சகத்துக் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் தமிழ் போய், தட்டிய ஆங்கிலச் சில்லறையெல்லாம் பல்லிளித்துக்கொண்டு வெளியே வரும். அதனால் எழுத்தையும் படமாக்கித்தான் அனுப்பவேண்டும். தமிழ் தட்டிப் பிழைக்கிற எவனும் இதை மறக்கமாட்டான். நான் மறந்தேன். அச்சகத்து முதலாளி மாத்தயா சிங்களவர், பாவம், ஏதோ ஆங்கிலம் என்று நினைத்து அடித்துத் தள்ளிவிட்டார்.

லொறி புறப்படுகிற காலையில்தான் கட்டைப் பிரித்தோம். படத்துக்குக் கீழே அரைப்புள்ளியும் காற்புள்ளியும் தலையும் வாலும் இல்லாத ஆங்கில எழுத்துகளுமாக ஒரு வரி. எல்லாத் தாளிலும். திரும்ப அடிக்க நேரம் இல்லை, பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது. ஒரு பிள்ளைக்குக் கை இல்லாமல் போன பிறகு, இன்னொரு பிள்ளைக்கு என்னால் ஏதும் ஆகிவிட்டால்? தலையில் அடித்துக்கொண்டு அந்தத் தெருவிலேயே குந்திவிட்டேன்.

அக்கா ஒரு தாளை எடுத்து, கையை நீட்டித் தூரவைத்துப் பார்த்தார். ஏசப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"படம் நல்லா விழுந்திருக்கு" என்றார். "ஏத்துங்க."

"எழுத்து?" என்றார் ஐயா.

"எழுத்து தெரியாத புள்ளைக்கும் சேத்துத்தான்யா நான் வரைஞ்சேன். ஏத்துங்க, நேரமாகுது."

ஐயா தாமும் கூடப் போய் வாயால் விளக்கிச் சொல்வதாகக் கூறி லொறியில் ஏறினார். அது தெரு முனையில் திரும்பும் வரை அக்கா கை ஆட்டிக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "இப்பச் சொல்றேன், உங்களுக்கு அரைப்பேரும் இல்ல" என்றார். வாங்கிக்கொண்டேன், வேறு என்ன செய்ய.

ஒன்பது நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைத் தொலைபேசி மணி அடித்தாலே ஓடிப்போய் எடுப்பேன். பத்தாம் நாள் பகல், அக்காவும் கடையில் இருக்கும்போது, ஐயா வன்னியில் ஒரு சந்தைக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கடையில் இருந்து கதைத்தார். நான் ஒலிபெருக்கியைப் போட்டேன்.

"அக்கா நிக்கிறாவோ? நல்லது, ரெண்டு பேரும் கேளுங்கோ. முதல் பள்ளிக்கூடம். சுவரில ஒட்டிப்போட்டுத் திரும்புறன், இன்னும் வாய் திறக்கேல்லை. ரெண்டாம் வரிசை வாங்கில இருந்து ஒரு பிள்ளை எழும்பி, 'சேர், இது எங்கட கிணத்தடியில கிடக்கு' எண்டுது."

அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"வெடி எடுக்கிற ஆக்களைக் கூட்டிக்கொண்டு ஓடினம். உடுப்புத் தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில ஒண்டு. தோண்டத் தோண்ட இன்னும் ரெண்டு. மூண்டையும் எடுத்தாச்சு. ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை."

"எழுத்து ஐயா?" என்றேன். என்னால் அடக்க முடியவில்லை. "அந்த எழுத்த என்தா செஞ்சீங்க?"

"எழுத்தை ஆர் தம்பி பாத்தது?"

நான் வாய்விட்டு அழுதேன். வெட்கமே இல்லை. கீழே துணிக்கடைக்காரர் மறுபடியும் ஏறி வந்தார். அக்கா அழவில்லை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "எடுத்தாச்சாம் நானா, மூணையும் எடுத்தாச்சாம்" என்று எனக்கே திருப்பித் திருப்பிச் சொன்னார், நான் ஏதோ கேட்காதவன் மாதிரி.

"பொறுங்கோ, வைச்சிடாதேங்கோ" என்றார் ஐயா. "பிள்ளையும் தாயும் என்னோட வந்து நிக்கினம். படம் கீறினவவோட கதைக்கோணும் எண்டு பிள்ளை ஒரே பிடிவாதம்."

ஏதோ உரசிய சத்தம். பிறகு ஒரு சின்னக் குரல், மூச்சு வாங்க, கிட்டத்தில் வந்தது.

"அன்ரி, நீங்கள் எப்ப எங்கட கிணத்தடிக்கு வந்தனீங்கள்? நான் காணேல்லையே."

வடக்குப் பக்கம் மாத்தளையைத் தாண்டி ஒருநாளும் போகாதவர் அக்கா. என்னைப் பார்த்தார், துணிக்கடைக்காரரைப் பார்த்தார். பிறகு தொலைபேசிக்குப் பக்கத்தில் குனிந்தார். அப்படி ஒரு பெருமை பூத்த முகத்தை நான் அவரிடம் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"வந்தேன்டா கண்ணு" என்றார். "நீ அப்ப பள்ளிக்கூடம் போயிருந்தே."